வைஃபை கேட்டு வந்த வாத்தியாரம்மாக்கள்

வாடகைக்கு வீடு பார்க்க வருகிறவன் முதலில் எதைக் கேட்பான்? தண்ணீர் ஒழுங்காக வருமா, மழைக்குக் கூரை ஒழுகுமா, பக்கத்து வீட்டில் நாய் இருக்கிறதா, இதைத்தான் கேட்பான். பாக்டரியில் வேலை செய்யும் வங்காளதேசத்துப் பையன்கூட என் வீட்டுக் குழாயைத் திறந்து பார்த்துவிட்டுத்தான் பேச்சைத் தொடங்கினான். அந்த இரண்டு பெண்களும் காரை விட்டு இறங்கியதும் என்னைப் பார்த்துக் கேட்ட முதல் வார்த்தை இது:

“அங்கிள், வைஃபை இருக்கா?”

“இருக்கு.”

“ஸ்பீட் எப்படி அங்கிள்?”

“என் லோரிய விட வேகமாத்தான் போவும்” என்றேன். சிரிப்பார்கள் என்று பார்த்தேன். ஒருத்தி தலையை ஆட்டினாள். இன்னொருத்தி அதற்குள் கைத்தொலைபேசியை உயர்த்திப் பிடித்துக்கொண்டு என் வீட்டு வாசலைப் படம் எடுக்க ஆரம்பித்துவிட்டாள். குழாயை யாரும் திறந்து பார்க்கவில்லை.

இவர்கள் வாத்தியாரம்மாக்கள். அதாவது, ஆகப்போகிறவர்கள். ஆசிரியர் பயிற்சிக் கழகத்தில் கடைசி வருஷம். படிப்பு முடிகிற சமயத்தில் ஏதாவது ஒரு பள்ளிக்கூடத்தில் சில மாதங்கள் நின்று பாடம் நடத்திக் காட்ட வேண்டும். கழகத்திலிருந்து விரிவுரையாளர் ஒருவர் அவ்வப்போது வந்து வகுப்பின் பின்னால் உட்கார்ந்து பார்த்து மதிப்பெண் போடுவார். தேறினால் வேலை. தேறாவிட்டால் அடுத்த தவணையில் மறுபடியும் முதலிலிருந்து. பத்தாங் பெர்ஜுந்தாய்க்கு உள்ளே இருக்கும் எங்கள் தோட்டத்துத் தமிழ்ப்பள்ளிக்கு இப்படி வருஷா வருஷம் யாராவது வருவார்கள். வருகிறவர்களுக்கு என் வீட்டிலேயே அறையும் சாப்பாடும் கொடுப்பவன் நான். காலையில் என் வேனில் தோட்டத்துக்குள் கொண்டுபோய் விட்டு, மாலையில் கூட்டி வருபவனும் நான். அந்தப் பள்ளியின் பெற்றோர் ஆசிரியர் சங்கத்துக்குத் தலைவனும் நான்தான். எனக்கு முன்னால் இருந்தவர்கள் கூட்டம் போட்டு டீ குடித்துவிட்டுக் கலைந்தார்கள். நான் வந்த பிறகுதான் சிற்றுண்டிச் சாலைக்குக் கூரை வந்தது, கழிப்பறைக்குக் கதவு வந்தது. இதைச் சொல்ல எனக்கு ஒரு கூச்சமும் இல்லை. செய்தவன் சொல்லலாம்.

நான் படித்தது மூன்றாம் வகுப்பு. அதற்குப் பிறகு எண்ணெய் எடுக்கிற செம்பனைத் தோட்டத்தில் உதிர்ந்த பழம் பொறுக்கினேன். அப்புறம் லோரியில் கெலிண்டானாக, அதாவது ஓட்டுநருக்கு உதவியாளாக, ஏறினேன். ஓட்டுநர் தூங்குகிற நேரத்தில் ஸ்டியரிங்கைப் பிடித்துப் பிடித்துப் பழகினேன். இன்றைக்குக் கோல சிலாங்கூரிலிருந்து சுங்கை பெசார் வரைக்கும் எந்தப் பழ ஆலையில் கேட்டாலும் என் லோரியைத் தெரியும். யாரிடமும் போய் நின்று ஒரு வெள்ளி கடன் கேட்டதில்லை. அதனால், படித்தவர்களைப் பார்த்தால் மற்றவர்கள் பயப்படுவது போல நான் பயப்படுவதில்லை. வேலை எப்படிச் செய்கிறான் என்றுதான் பார்ப்பேன். ஒருவன் வேலையில் இருக்கிறானா, வேலை செய்கிற மாதிரி நிற்கிறானா என்று தூரத்திலிருந்தே எனக்குத் தெரிந்துவிடும்.

இந்தப் பயிற்சி ஆசிரியர்களை நான் பார்க்க ஆரம்பித்தபோது அவர்கள் கையில் அட்டை, கத்தரிக்கோல், பசை எல்லாம் இருக்கும். வீட்டுத் தரையெல்லாம் வண்ணத்தாள் குப்பை. என் மனைவி கூட்டிக் கூட்டிச் சலித்துப்போவாள். இப்போது குப்பை இல்லை. தரை சுத்தமாக இருக்கிறது. கையில் இருப்பது ஒன்றே ஒன்றுதான்.

எங்கள் தோட்டத்துக்குள் தொலைபேசி லைன் சரியாகக் கிடைக்காது. பள்ளிக்கூடத்தில் அறவே கிடையாது என்று சொல்லலாம். பழ லோரிகளை நிறுத்தி எடை போடும் இடத்துக்குப் பக்கத்தில் ஒரு சின்னப் பாலம் இருக்கிறது, அங்கே மட்டும் கிடைக்கும். ஓய்வு நேர மணி அடித்தால் பிள்ளைகள் சாப்பிட ஓடும். பயிற்சி ஆசிரியர்கள் பாலத்துக்கு ஓடுவார்கள். இரண்டு வருஷத்துக்கு முன்னால் ஒரு பையன் வந்திருந்தான். நல்ல உயரம், மடிப்புக் கலையாத சட்டை. பாலத்தில் நின்று திரையைப் பார்த்துக்கொண்டே பின்னால் நகர்ந்து, கால்வாயில் விழுந்தான். இடுப்பளவு சேறு. என் லோரி ஓட்டுநர் ஓடிப்போய்க் கையை நீட்டினான். அவன் கையைப் பிடிக்கவில்லை. கைத்தொலைபேசியைத்தான் முதலில் மேலே நீட்டினான். “அண்ணே, இத மொதல்ல வாங்குங்கண்ணே!” அன்றைக்கு மாலையே சேற்றோடு இருக்கிற தன்னுடைய படத்தைப் போட்டு, அதற்கு எத்தனை பேர் சிரித்தார்கள் என்று எண்ணிக்கொண்டு உட்கார்ந்திருந்தான். அவன் இப்போது எங்கேயோ ஆசிரியராக இருக்கிறான். அந்தப் பிள்ளைகளை நினைத்தால் எனக்குப் பாவமாக இருக்கிறது.

இந்த முறை வந்த இரண்டு பெண்களில் ஒருத்திக்கு ஊர் ஜொகூர், ஒருத்திக்குக் கெடா. ஜொகூர்க்காரி பரவாயில்லை. ஒரு கையில் போனும் ஒரு கையில் புத்தகமும் வைத்திருப்பாள். கெடாக்காரிக்கு இரண்டு கையும் போனுக்கே போதவில்லை. சாப்பிடும்போது வலது கை சோற்றில் இருக்கும், இடது கைக் கட்டைவிரல் திரையைத் தள்ளிக்கொண்டே இருக்கும். என்ன குழம்பு என்று கேட்டால் சொல்லத் தெரியாது. என் மனைவி ஒருநாள் சோதித்துப் பார்த்தாள்.

“நாளைக்கு ஆட்டுக்கறி ஆக்கட்டுமாம்மா, கழுதக்கறி ஆக்கட்டுமா?”

“எதுனாலும் ஓகே ஆண்டி.”

சாப்பிட்டுக்கொண்டிருந்த எனக்குச் சிரித்துப் புரை ஏறிவிட்டது. அவள் தலையைக்கூடத் தூக்கவில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை சுங்கை பெசாரில் உறவுக்காரர் வீட்டுக் காதுகுத்துக்கு இவர்களையும் கூட்டிப் போனோம். நாலு பேரைப் பார்த்தால் நல்லதுதானே என்று என் மனைவி சொன்னாள். வழியில் வயல். நெல் பச்சையாக நிற்கிற சமயம். “அங்கிள் அங்கிள், நிப்பாட்டுங்க!” என்று கத்தினார்கள். யாருக்கோ வாந்தி வருகிறது என்று வண்டியை ஓரம் கட்டினேன். இறங்கி, பட்டுச் சேலையோடு வரப்பில் நடக்கிறார்கள். நடந்து வந்து, போனைப் பார்த்து, சரியில்லை என்று திரும்பிப் போய் மறுபடி நடந்து வருகிறார்கள். வயல்காரர், ஒரு மலாய்க்காரப் பெரியவர், மோட்டார் சைக்கிளை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்துக் கேட்டார், சினிமாவா என்று. இல்லை, டீச்சர்கள் என்றேன். மோட்டார் சைக்கிளை எடுத்துக்கொண்டு போய்விட்டார். எனக்குத்தான் முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை. நாங்கள் போய்ச் சேர்ந்தபோது பிள்ளைக்குக் காது குத்தி, அது அழுது, அழுது முடித்துத் தூங்கியும் போய்விட்டது.

இதெல்லாம் போகட்டும், சின்ன வயசு என்று விடலாம். கெடாக்காரியின் விஷயம் அப்படி விடுகிற மாதிரி இல்லை. அவளுக்கு அப்பா இல்லை. அம்மா ஒரு பாக்டரியில் துப்புரவு வேலை செய்கிறாள். முட்டி தேய்ந்துவிட்டது, படி ஏற முடியாது, வேலையை விட்டுவிடு என்று டாக்டர் சொல்லியாயிற்று. மகளுக்கு வேலை கிடைத்த மறுநாள் விடுகிறேன் என்று பல்லைக் கடித்துக்கொண்டு போய்க்கொண்டிருந்தாள். இது எனக்கு எப்படித் தெரியும் என்றால், மகள் போனை எடுக்காதபோதெல்லாம் அந்த அம்மா என்னைத்தான் அழைப்பாள். நாளெல்லாம் போனைக் கையில் வைத்திருக்கிற பெண், பெற்றவள் அழைத்தால் மட்டும் எடுக்கமாட்டாள்.

“அண்ணே, சாப்புட்டாளாண்ணே?”

“சாப்புட்டாம்மா. என்னா சாப்புட்டான்னு அவளுக்குத்தான் தெரியாது.”

“ரெண்டு தடவ சார் வந்து பாத்தாராம். சரியாப் பண்ணலன்னு சொன்னாராம். இன்னும் ஒருதடவதான் இருக்காம். நீங்க கொஞ்சம் பாத்துக்குங்கண்ணே.”

நான் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். முதல் இரண்டு முறையும் விரிவுரையாளர் சொன்னது என்ன என்று பெரிய டீச்சரே, எங்கள் தலைமையாசிரியையைத்தான் நான் அப்படிக் கூப்பிடுவது, என்னிடம் சொன்னார். குரல் பின் வரிசைக்குப் போய்ச் சேரவில்லை. பிள்ளைகளின் பெயர் தெரியவில்லை. ஒரு கைப்பிடிப் பிள்ளைகள் உள்ள பள்ளிக்கூடம் அது. அந்த வகுப்பில் இருப்பதை ஒரே வேனில் ஏற்றிவிடலாம். அதுகளின் பெயர் தெரியாமல் “செல்லம்”, “தங்கம்” என்றே காலத்தை ஓட்டிக்கொண்டிருந்தாள். கேட்கிறவனுக்குப் பாசம் மாதிரி இருக்கும். உண்மையில் பெயர் தெரியாததுதான் விஷயம்.

மூன்றாவது முறைதான் கடைசி. அதில் நல்ல மதிப்பெண் வாங்கினால் முதல் இரண்டையும் சரிக்கட்டிக்கொள்ளலாம். இல்லையென்றால் போச்சு.

அதற்கு முந்தின வாரம் ஒரு பிற்பகல். வேனைப் பள்ளிக்கூடத்து வாசலில் நிறுத்திவிட்டுக் காத்திருந்தேன். பள்ளி விட்டு நேரமாகியும் ஆள் வரவில்லை. போய்ப் பார்த்தால் மூன்றாம் ஆண்டுப் பிள்ளைகள் வகுப்பில் இருக்கின்றன. கூடுதல் வகுப்பு. எனக்குக் கொஞ்சம் மனம் குளிர்ந்ததுகூட. ஜன்னல் சட்டத்தில், கரும்பலகை துடைக்கிற கட்டையை முட்டுக்கொடுத்து, கெடாக்காரியின் போன் நின்றுகொண்டிருந்தது. மேசை மேல் ஒரு பிளாஸ்டிக் தொட்டியில் தண்ணீர், பக்கத்தில் ஆரஞ்சுப் பழங்கள். எது மிதக்கும், எது மூழ்கும் என்கிற அறிவியல் பாடம். தோலோடு போட்டால் ஆரஞ்சு மிதக்கும். தோலை உரித்துப் போட்டால் மூழ்கும். நல்ல பாடம்தான். எனக்கே அன்றைக்குத்தான் தெரியும்.

ஆனால் அவள் நடத்தியது பாடம் இல்லை.

“செல்லம், எல்லாரும் கேளுங்க. டீச்சர் தோல உரிச்சுப் போடுவேன். போடறதுக்கு முன்னால கேப்பேன். நீங்க எல்லாம் ‘மிதக்கும்’னு தப்பாச் சொல்லணும். அப்பறம் முழுகினதும் கன்னத்துல கைய வச்சு ‘ஆஆ’ன்னு சொல்லணும். ஓகேவா?”

“ஓகே டீச்சர்.”

“போனப் பாக்கக் கூடாது.”

போட்டாள். மூழ்கியது. “ஆஆ.” அவள் போய்ப் போனை எடுத்துப் பார்த்தாள். திருப்தி இல்லை. மறுபடி வேறு ஆரஞ்சு. மறுபடி “ஆஆ.” ஏதோ ஒரு பிள்ளை தும்மிவிட்டது. மறுபடி. முன் வரிசையில் இரட்டைச் சடை போட்ட ஒரு சின்னப் பெண் கையைத் தூக்கினாள்.

“டீச்சர், அதான் ஏற்கெனவே பாத்துட்டமே. எப்படி டீச்சர் ஆச்சரியப்படறது?”

“பாக்காத மாதிரி பாரு லா, தங்கம்.”

அந்தப் பிள்ளை முயற்சி செய்தது. கண்ணை அகல விரித்து, வாயைத் திறந்து, நல்லாவே செய்தது. பிள்ளைகள் எதைச் சொல்லிக்கொடுத்தாலும் கற்றுக்கொள்கின்றன, அதுதான் கொடுமை. கடைசியில் உரித்த பழத்தையெல்லாம் அதுகளுக்கே தின்னக் கொடுத்துவிட்டு, தொட்டித் தண்ணீரைப் பூச்செடியில் ஊற்றிவிட்டு வந்து வேனில் ஏறினாள். பாலத்துக்குப் பக்கத்தில் வந்ததும் “அங்கிள், ஒரு நிமிசம் நிப்பாட்டுங்க” என்றாள். அங்கேயே காணொளியை ஏற்றிவிட்டாள். வீட்டுக்கு வந்து வைஃபையில் ஏற்றுகிற வரைக்கும்கூடப் பொறுக்கவில்லை.

அந்தக் காணொளி பிடித்துக்கொண்டது. என்ன பிடித்துக்கொண்டது என்றால், ஊர் பேர் தெரியாதவர்கள் எல்லாம் பார்க்க ஆரம்பித்தார்கள். இரண்டு நாள் கழித்துச் சமையலறையில் “ஆண்டி, ஏறிருச்சு ஆண்டி, ஏறிருச்சு!” என்று ஒரு சத்தம். பாம்பு ஏதோ கூரையில் ஏறிவிட்டது என்று நான் கட்டையைத் தூக்கிக்கொண்டு ஓடினேன். பார்த்தவர்கள் எண்ணிக்கை ஏறியிருந்ததாம். அன்றிலிருந்து அவளுக்கு வேறு வேலை இல்லை. பல் விளக்கும்போது பார்ப்பாள். கோவிலில் தீபாராதனை காட்டும்போது எல்லாரும் கும்பிட்டால், இவள் குனிந்து திரையைப் பார்ப்பாள். வேனில் எனக்குப் படித்துக் காட்டுவாள்.

“அங்கிள், ‘இப்படி ஒரு டீச்சர் எனக்குக் கெடைக்கலியே’ன்னு எழுதியிருக்காங்க அங்கிள்.”

“யாரு?”

“தெரியல அங்கிள். துபாயில இருக்காரு போல.”

“துபாய்க்காரனாம்மா வந்து மார்க் போடப்போறான்?”

ஜொகூர்க்காரி பின் ஸீட்டில் சிரித்தாள். கெடாக்காரி சிரிக்கவில்லை. “அங்கிளுக்கு இதெல்லாம் புரியாது லா” என்று மெதுவாகச் சொன்னாள். எனக்குக் காது நன்றாகக் கேட்கும்.

விரிவுரையாளர் வருகிற நாள் குறித்தாகிவிட்டது. என்ன பாடம் நடத்தலாம் என்று இரண்டு பேரும் என் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து பேசிக்கொண்டிருந்தார்கள்.

“நா அந்த ஆரஞ்சுப் பாடமே எடுக்கப் போறேன்” என்றாள் கெடாக்காரி.

“பைத்தியமா உனக்கு? அத எடுத்தாச்சு லா. வேற பாடம் எடு.”

“ஏன்? அத்தன பேருக்குப் புடிச்சிருக்கு. சாருக்குப் புடிக்காதா? பிள்ளைங்களுக்கும் நல்லாத் தெரியும்.”

“அதான்டி பிரச்சினை. நல்லாத் தெரியும்.”

ஜொகூர்க்காரிக்கு இருந்த புத்தி அவளுக்கு இல்லை. நான் வாயைத் திறக்கவில்லை. பாடம் நடத்துவது பற்றி நான் சொன்னால் மூன்றாம் வகுப்புக்காரன் சொல்ல வந்துவிட்டான் என்பார்கள். என்னிடம் கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன். ஒரு லோட் பழத்தை ஆலையில் இறக்கிவிட்டு, அதே பழத்தை மறுபடி ஏற்றிக்கொண்டு போய் எடை போடச் சொன்னால் ஆலைக்காரன் என்ன செய்வான்? ஆனால் கேட்கவில்லை.

அந்த நாள் வந்தது. தலைவர் என்கிற முறையில் விரிவுரையாளரை வரவேற்க நானும் இருக்க வேண்டும் என்று பெரிய டீச்சர் சொல்லியிருந்தார். சட்டையைத் தேய்த்துப் போட்டுக்கொண்டு போனேன். விரிவுரையாளர் ஒல்லியாக, சத்தமில்லாத மனிதர். கைகுலுக்கினார். கூரை நான் போட்டது என்று சொன்னேன். அண்ணாந்து பார்த்து, “நல்லா இருக்குங்க” என்றார். மரியாதை தெரிந்த மனிதர். வகுப்பின் பின்னால் போய் உட்கார்ந்தார். நானும் பெரிய டீச்சரும் வெளியே நடைபாதையில், திறந்திருந்த ஜன்னலுக்குப் பக்கத்தில் நின்றோம்.

கெடாக்காரி சேலையில் வந்திருந்தாள். நன்றாகத்தான் ஆரம்பித்தாள். குரல் இந்தத் தடவை எனக்கே கேட்டது. ஆரஞ்சைத் தோலோடு தண்ணீரில் போட்டாள், மிதந்தது. தோலை உரித்தாள். அதைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, “மாணவர்களே, இப்போ இந்த ஆரஞ்சு மிதக்குமா, மூழ்குமா?” என்றாள்.

“மிதக்கும்ம்ம்!” என்று வகுப்பு முழுக்க ஒரே குரல். ஒரு பிள்ளைகூட மாறிச் சொல்லவில்லை.

விரிவுரையாளர் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

அவள் பழத்தைத் தண்ணீருக்கு மேலே கொண்டுபோனாள். இன்னும் விடவில்லை. விரலில்தான் இருக்கிறது. அதற்குள் எல்லாப் பிள்ளைகளும் கன்னத்தில் கையை வைத்து, “ஆஆ!” என்றன.

எனக்குப் பக்கத்தில் நின்ற பெரிய டீச்சர் கண்ணை மூடிக்கொண்டார்.

அவள் பதறிப்போய்ப் பழத்தைப் போட்டாள். அது மூழ்கியது. இரண்டு மூன்று பிள்ளைகள், முதலில் சொன்னது சரியில்லையோ என்று, இன்னொரு முறை “ஆஆ” என்றன. இரட்டைச் சடைப் பெண் ஜன்னல் சட்டத்தைத் திரும்பித் திரும்பிப் பார்த்தாள். அப்புறம் கையைத் தூக்கினாள்.

“டீச்சர், இன்னைக்குப் போன் வைக்கலியா?”

விரிவுரையாளர் எழுந்து முன்னால் வந்தார். கோபப்படவில்லை. ஒரு பிள்ளையின் மேசையிலிருந்து ரப்பர் அழிப்பானை எடுத்துக் காட்டி, “இது மிதக்குமா, மூழ்குமா?” என்றார்.

ஒருத்தரும் வாயைத் திறக்கவில்லை. அந்தப் பிள்ளைகள் முட்டாள் பிள்ளைகள் இல்லை. கால்வாயில் கையில் கிடைத்ததையெல்லாம் போட்டு விளையாடுகிறவை, மழை பெய்தால் செருப்பைக் கப்பலாக விடுகிறவை. வேறு நாளாக இருந்தால் பாதி மிதக்கும் என்றும் பாதி மூழ்கும் என்றும் சண்டை போட்டிருக்கும். அன்றைக்கு அத்தனையும் டீச்சர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தன. டீச்சர் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

“சும்மா சொல்லுங்க. தப்பா இருந்தாலும் பரவால்ல” என்றார் விரிவுரையாளர்.

ஒரு பிள்ளை எழுந்து நின்று, ரொம்பப் பணிவாக, டீச்சரைப் பார்த்துக் கேட்டது:

“டீச்சர், இதுக்கு என்னா சொல்லணும்?”

நான் எத்தனையோ பார்த்தவன். லோரி கவிழ்ந்து பழமெல்லாம் கால்வாயில் போனதைப் பார்த்து நின்றிருக்கிறேன். அன்றைக்கு அந்த ஜன்னலில் நிற்க முடியவில்லை. நடந்து வேன் பக்கம் போய்விட்டேன். பெரிய டீச்சர் ஆள் அனுப்பிக் கூப்பிட்ட பிறகுதான் அலுவலகத்துக்குள் போனேன்.

அங்கே விரிவுரையாளர், பெரிய டீச்சர், கெடாக்காரி மூன்று பேரும் இருந்தார்கள். அந்தப் போன் கேள்வியைப் பிடித்து விசாரித்ததில் காணொளி விஷயம் வெளியே வந்திருந்தது. பிள்ளைகளின் முகத்தைப் பெற்றோரைக் கேட்காமல் ஊருக்கெல்லாம் காட்டியிருக்கிறாள். அதனால்தான் என்னைக் கூப்பிட்டார்கள். பெற்றோர்கள் கேட்டால் பதில் சொல்ல வேண்டியவன் நான்.

விரிவுரையாளர் நல்ல மனிதர். மறுபடியும் சொல்கிறேன், நல்ல மனிதர். அவர் அவளைத் திட்டவில்லை.

“பாரும்மா, இன்னைக்கு நடந்தத நா பாடம்னு எழுத முடியாது. உன் நெலம எனக்குத் தெரியும். அடுத்த வாரம் இன்னொரு தடவ வர்றேன். புதுப் பாடம். பிள்ளைங்களுக்கு முன்னாடியே எதுவும் சொல்லிக்கொடுக்கக் கூடாது. சரியா?”

“சரி சார். தேங்க்ஸ் சார்.” கண்ணைத் துடைத்தாள்.

“அந்தக் காணொளிய இப்பவே எடுத்துரு. இங்கயே, எங்க முன்னால.”

பள்ளி அலுவலகத்தில் மட்டும் கம்பி வழியாக வரும் இணையம் உண்டு. பெரிய டீச்சர் கடவுச்சொல்லைச் சொன்னார். அவள் போனை எடுத்தாள். திறந்தாள். பார்த்தாள். பார்த்துக்கொண்டே நின்றாள். முகம் மாறுகிறது. அழுத முகத்தில் ஒரு வெளிச்சம் வருகிறது.

“என்னாம்மா?” என்றார் விரிவுரையாளர்.

“சார்... நாளைக்கு எடுக்கட்டுமா, சார்?”

“ஏன், நாளைக்கு?”

“இல்ல சார்... இப்போ ரொம்ப ஏறிக்கிட்டு இருக்கு. காலையிலருந்து ரெண்டு மடங்கு ஆயிருச்சு. இன்னைக்கு ஒருநாள் மட்டும் இருக்கட்டும் சார், ப்ளீஸ். நாளைக்குக் கண்டிப்பா எடுத்துருவேன்.”

பெரிய டீச்சர் என்னைப் பார்த்தார். நான் அவளைப் பார்த்தேன். அவளுக்குத் தான் என்ன சொன்னோம் என்பதே தெரியவில்லை. கடையில் இன்னொரு நாள் தவணை கேட்கிற மாதிரி, இது சின்ன விஷயம்தானே என்கிற மாதிரி நின்றுகொண்டிருந்தாள். அம்மாவின் முட்டி, வேலை, அடுத்த வாரம், எல்லாம் ஒரு பக்கம். துபாய்க்காரன் ஒரு பக்கம். அவள் எடை போட்டுப் பார்த்திருக்கிறாள், துபாய்க்காரன் பக்கம் தாழ்ந்திருக்கிறது.

விரிவுரையாளர் கோப்பை மூடினார். “அடுத்த வாரம் வேணாம்மா. நீ அடுத்த தவணை மறுபடி செய். அதுதான் உனக்கும் நல்லது, பிள்ளைங்களுக்கும் நல்லது” என்றார். எழுந்து என் கையைக் குலுக்கினார். போய்விட்டார்.

அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. “சார், எடுத்துர்றேன் சார், இந்தா எடுத்துர்றேன்!” என்று பின்னாலேயே ஓடினாள். கார் கிளம்பிவிட்டது.

வேனில் ஜொகூர்க்காரி அவளைக் கட்டிப்பிடித்துக்கொண்டிருந்தாள். பாலத்துக்குப் பக்கத்தில் வந்ததும் கெடாக்காரி நிறுத்தச் சொன்னாள். நிறுத்தினேன். போனை எடுத்தாள்.

“எவ்ளோ ஏறியிருக்கு?” என்று ஜொகூர்க்காரி கேட்டாள். கேட்கிற கேள்வியைப் பாருங்கள். இவளும் அந்தக் கூட்டம்தானே.

அழுதுகொண்டே எண்ணிக்கையைச் சொன்னாள். அப்புறம் அழித்தாள். இப்போது அழித்து யாருக்கு என்ன? மதிப்பெண் போடுகிறவர் நெடுஞ்சாலையைப் பிடித்திருப்பார். செய்ய வேண்டிய வேலையைச் செய்ய வேண்டிய நேரத்தில் செய்யத் தெரியாதவர்களுக்கு எத்தனை வருஷப் படிப்பைக் கொடுத்தும் பிரயோஜனம் இல்லை. இதை நான் அவளிடம் சொல்லவில்லை. சொன்னால் அதையும் படம் எடுத்துப் போடுவாள்.

வீட்டுக்குப் போனதும் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். என் மனைவி டீ போட்டுக் கொண்டுபோய் வைத்தாள். பாவம்ங்க, சின்னப்பிள்ளை என்றாள். சின்னப்பிள்ளைகள் வகுப்பில் இருக்கின்றன, இவள் இல்லை என்றேன்.

என் போன் அடித்தது. அவளுடைய அம்மா.

“அண்ணே, என்னாச்சுண்ணே? காலையிலருந்து அடிக்கிறேன், எடுக்க மாட்டேங்குறா.”

எனக்குச் சுற்றி வளைத்துப் பேசி வராது. “பெயிலும்மா. அடுத்த தவணை மறுபடி செய்யணும்.”

பின்னால் மிஷின் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. “ஏண்ணே?”

“பாடம் நடத்தல. படம் புடிச்சுப் போட்டுட்டா.”

“எந்தப் படம்ணே? அந்த ஆரஞ்சுப் பழமா?”

“அதேதான். உனக்கெப்படித் தெரியும்?”

“நா தெனமும் பாக்குறேண்ணே. இங்க எல்லாருக்கும் காட்டினேன். சூப்பர்வைசர் அம்மாகிட்டகூடக் காட்டினேன், எம் மக டீச்சராயிட்டான்னு. பிள்ளைங்க எல்லாம் எவ்ளோ சந்தோசமா இருக்குதுங்க அதுல. பின்ன ஏண்ணே பெயிலு?”

“அது பாடம் இல்லம்மா. பிள்ளைங்க நடிச்சது. டீச்சர் சொல்லிக்கொடுத்து நடிச்சது.”

மிஷின் சத்தம் நின்றது. லைன் போய்விட்டதோ என்று ஹலோ சொன்னேன்.

“இருக்கேண்ணே” என்றாள். அப்புறம் கேட்டாள்: “அப்டின்னா அடுத்த தவணை முடியற வரைக்கும் நா வேலைய விட முடியாது. இல்லண்ணே?”

“முடியாதும்மா.”

“சரிண்ணே. மாடிய இன்னும் கூட்டல. கூட்டிட்டு அடிக்கிறேன்.”

வைத்துவிட்டாள்.